பொருள் எண் ஏழு

நகரம் என்று எழுதினால் நகரங்கள் சிரிக்கும்.
கிராமம் என்றால் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள்.
ஏர்லஸ்ரீட் ஒரு சந்தையூர்.
வாரம் ஒருநாள் கடை விரிக்கலாமென்று
ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில்
ஒரு பிரபு மெழுகு முத்திரை வைத்துக் கொடுத்த தோல்
மேயர் அறையில் கண்ணாடிக்குள் கிடக்கிறது.
இப்போது வியாழன்தோறும் வருவது ஒரே வண்டி,
வாட்டிய கோழி.
உரிமை உரிமைதான்.

கடல்மட்டத்துக்கு மேலே நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று
ரயில் நிலையச் சுவரில் ஒரு இரும்புத் தகடு.
ரயில் நின்று நாற்பது வருடம்.
உயரத்தை யாரும் கொண்டுபோகவில்லை.

ஊர் இருமுறை எரிந்தது:
ஒருமுறை ஸ்வீடன் படையால்,
மறுமுறை ஒரு பேக்கரி அடுப்பால்.
இரண்டாவதைப் பற்றித்தான் இன்னும் பேசுகிறார்கள்,
அந்தக் குடும்பம் இங்கேயே இருப்பதால்.

உறுப்பினர் பதினாறு பேர், மேயர் ஒருவர்,
குறிப்பெழுத நான்.
யார் சொன்னார் என்பதை விட்டுவிட வேண்டும்,
என்ன முடிவு என்பதை எழுத வேண்டும்.
பத்தொன்பது வருடமாக அப்படித்தான்.

இன்று பொருள் எண் ஏழு:
க்ரம்மல் ஓடை இடம் மாறிவிட்டது.

நீர்நாய் அல்ல, பீவர்.
மரம் கடித்து அணை கட்டும்,
சட்டம் காக்கும் பிராணி.
மரஅறுவை ஆலைக்குப் பின்னால்
ஒரே குளிர்காலத்தில் வளைவை அடைத்துவிட்டது.
நாற்பத்து மூன்று சென்ட் ஆல்டர் மரமும் காஞ்சொறியும்
தண்ணீருக்கு அந்தப் பக்கம் போய்விட்டன,
உன்டர்வாங் பக்கம்.

எழுபத்தெட்டில் அரசு ஊர்களை இணைத்தபோது
எங்களோடு சேர மாட்டேன் என்ற ஊர் அது.
ஏதோ மாவு ஆலைத் தகராறு.
காரணம் மறந்துவிட்டது, கோபம் மறக்கவில்லை.
இப்போது இரண்டு பக்கக் கடிதம், மிகுந்த மரியாதையோடு:
ஓடையே எல்லை என்று வைத்துக்கொள்வோமா,
பதிலுக்கு ஒரு புல்வெளி தருகிறோம்.

ஒரு பிடி மண்ணும் கிடையாது என்றார் கொர்பினியான் த்ஸேஹெட்மயர்,
தன் முந்நூறு ஏக்கரிலிருந்து.
யாருக்கு வேண்டும் அந்தக் காஞ்சொறி என்றான் க்விரீன்.
அளவையாளர் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்றின் வரைபடத்தை விரித்தார்.
அதில் ஓடை இன்னும் இந்தப் பக்கம்,
எங்கள் தீயணைப்பு நிலையத்தின் நடுவே.
கொஞ்ச நேரம் யாரும் இருமக்கூட இல்லை.

பிறகு அடல்குண்டே வோஸ்,
மருந்துக்கடைக்காரர், எப்போதும் கடைசியில் பேசுபவர்:
கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு எங்கள் ஆட்கள் வந்தபோது
ஊருக்குள் இடமில்லை என்று
அங்கேதான் பலகைக் கொட்டகை போட்டுக் கொடுத்தீர்கள்.
நான் அதில் பிறந்தவள்.
அன்றைக்கு அது ஏர்லஸ்ரீடா என்று
யாருமே கேட்கவில்லை.

இதை நான் எழுதவில்லை.
விதி.

வாக்கெடுப்பு. ஒருவர் வரவில்லை.
மேயரையும் சேர்த்து எட்டுக்கு எட்டு.
சமமானால் தீர்மானம் தோல்வி.

கீழே ஆவண அறையில்
முப்பத்து மூன்று முதல் நாற்பத்தைந்து வரை ஒரு குறிப்பேடு.
பன்னிரண்டு வருடமும் அழகான கையெழுத்தில்
ஒருமனதாக, ஒருமனதாக, ஒருமனதாக.
வேலையில் சேர்ந்த வாரம் அதைப் படித்தேன்.
எட்டுக்கு எட்டு என்று எழுதும் இரவுகளில்
எண்களைச் சற்றுப் பெரிதாகவே எழுதுகிறேன்.

அடியில் வழக்கமான வரி:
ஓடை இடம் மாறியதை மன்றம் அறிந்துகொண்டது.

பத்தரைக்கு விளக்கணைத்துச் சைக்கிள் எடுத்தேன்.
பழைய இடத்திலேயே நிற்கிறது மரப்பாலம்,
கீழே காய்ந்த கூழாங்கற்கள்.
தண்ணீர் இருபதடி தள்ளி இருட்டில் ஓடுகிறது.
ஏதோ ஒன்று வாலால் ஓங்கி ஒருமுறை அடித்து
மூழ்கியது.
பாலத்துக்கு அடுத்த மாதம்
ஒரு பொருள் எண் கிடைக்கும்.